தூய கையும் பருத்தித் துணியும்

தீமையைத் தன் கையால் செய்யாதவன் அத்தீமைக்குப் பங்காளி ஆவானா? வினா எளிதாகத் தோன்றும். களவு செய்யாதவன் கள்வன் அல்லன் என்று சிறுவனும் விடை சொல்வான். ஆனால் களவுப் பொருள் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி வைத்துக்கொண்டவனை என்னவென்று அழைப்பது? அவன் சுவர் ஏறவில்லை, பூட்டை உடைக்கவில்லை, கேட்ட விலையைக் கொடுத்தான், பொருளைப் பெற்றான். எனினும், வாங்குவதற்கு அவன் இருக்கிறான் என்ற துணிவில் அன்றோ கள்வன் இருட்டில் புறப்பட்டான்?

அன்பர்களே, இவ்வினாவை ஏட்டில் எழுதி வைத்துவிட்டு உறங்கப் போகாமல், ஊர் விட்டு ஊர் பெயர்ந்தும், வீட்டுக் கதவைத் திறந்தும், கடை வைத்து நட்டப்பட்டும், தம்முள் தாமே பிளவுண்டும் வாழ்ந்து பார்த்த மக்கள் சிலர் அமெரிக்க நாட்டிலே இருந்தனர். அவர்கள் அமைத்த ஒரு சிற்றூரின் வரலாற்றைப் படிக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. படித்த நாள் முதல் அது நம்மை விடவில்லை, ஆதலின் எழுதுகிறோம்.

இந்தியானா மாநிலத்தின் கிழக்கெல்லையில், வெய்ன் மாவட்டத்தில், ரிச்மண்டு நகருக்குச் சற்று வடக்கே அவ்வூர் இருக்கிறது. இன்று அதற்குப் பெயர் ஃபவுண்டன் சிட்டி. 1818-இல் மனை பிரித்து ஊராக அமைத்தபோது நியூ கார்டன் என்று பெயரிட்டனர். 1834-இல் நியூபோர்ட் ஆயிற்று. இப்போதுள்ள பெயர் 1878-இல் வந்தது. நாம் சொல்லப் போகும் செய்திகள் பெரும்பாலும் அது நியூபோர்ட்டாக இருந்த காலத்தவை. அங்கே குடியேறியவர்களில் மிகுதியானோர் குவேக்கர்கள்.

குவேக்கர் என்றால் நடுங்குவோர் என்று பொருள். பிறர் இகழ்ந்து இட்ட பெயர் அது; அவர்கள் தம்மை நண்பர்கள் என்றே அழைத்துக்கொண்டனர். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரின் பேச்சால் திரண்ட கூட்டம் இது. இவர்களின் பழைய முறைக் கூடத்தில் பூசாரி இல்லை, பாதிரி இல்லை. மரப் பலகைகளில் வாய் பேசாமல் அமர்ந்திருப்பர். உள்ளம் உந்தினால் ஒருவர் எழுந்து பேசுவார், பெண்ணாயினும் பேசலாம். பெருமக்கள் முன்னும் தொப்பியைக் கழற்ற மாட்டார்கள், ஆணையிட மாட்டார்கள், படைக்கலம் எடுக்க மாட்டார்கள். ஒவ்வொரு மனிதனுள்ளும் ஒளி உண்டு என்பது அவர்கள் கொள்கை.

இத்தகையோர் அடிமைகளை வைத்திருந்தனர் என்றால் நம்ப முடிகிறதா? வைத்திருந்தனர். பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென்னே வைத்திருந்தார். 1688-இல் ஜெர்மன்டவுன் என்னும் ஊரில் நால்வர் கூடி, இது தகாது என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தம் சங்கத்துக்கு அனுப்பினர். ஒரு கூட்டம் அதைப் படித்து மேல் கூட்டத்துக்கு அனுப்பிற்று. அது அதற்கும் மேலே அனுப்பிற்று. கடைசியில் முடிவு சொல்லாமல் ஒதுக்கி வைத்தார்கள். மனு எழுதிக் கொடுத்து அனுபவப்பட்டவர்களுக்கு இம்முறை புதிதன்று. பிலடெல்பியாச் சங்கம், அடிமை வைத்திருப்போர் உறுப்பினராக இருத்தல் ஆகாது என்று முடிவு செய்தது 1776-இல்தான். நால்வர் எழுதியதைச் சங்கம் ஏற்க எண்பத்தெட்டு ஆண்டுகள் சென்றன.

தென்பகுதியான வட கரோலினாவில் இன்னொரு சிக்கல். அங்குள்ள நண்பர்கள் தம் அடிமைகளை விடுவிக்க விரும்பினாலும் அரசின் சட்டம் எளிதில் இடங்கொடுக்கவில்லை. விடுவித்தவரைப் பிறர் பிடித்து மீண்டும் விற்றுவிடும் நிலை இருந்தது. ஆகவே 1808 முதல் அவர்கள் ஒரு வழி கண்டனர். அடிமைகளின் உரிமையைச் சங்கத்தின் பெயருக்கே மாற்றிக்கொண்டு, அவர்களை விடுதலை பெற்றோர் போல வாழ விட்டனர். அடிமை முறையை வெறுத்த சங்கம், ஏட்டளவில் நூற்றுக்கணக்கான அடிமைகளுக்கு உடைமையாளர் ஆயிற்று! சிரிப்பு வரும், ஆனால் அந்த ஏட்டின் மறைவில் பலர் தம் பிள்ளைகளோடு பிரியாமல் வாழ்ந்தனர். அழுக்குப்படாத கையா, பிரியாத குடும்பமா என்று கேட்டபோது அவர்கள் குடும்பத்தைத் தேர்ந்தனர் என்றே நாம் கொள்கிறோம்.

ஆயினும் அம்மண்ணில் தொடர்ந்து வாழ மனமில்லாமல், ஆயிரக்கணக்கானோர் வடமேற்கே பெயர்ந்தனர். ஒகையோ ஆற்றுக்கு வடக்கே அடிமை முறை கூடாது என்று 1787-இல் சட்டம் செய்திருந்தார்கள். வண்டி கட்டிக்கொண்டு மலை கடந்து வந்து, காடு வெட்டி, இந்தியானா மண்ணில் அமைத்த ஊர்களில் நியூபோர்ட்டும் ஒன்று.

இங்கே நம் வினா முதன்முறை எழுகிறது. தீமை நடக்கும் இடத்தை விட்டு விலகுதல் போதுமா? விலகுதலைச் சிறிதென்று நாம் சொல்லமாட்டோம். உழுத நிலத்தையும் உற்றாரின் கல்லறையையும் விட்டுப் போவது எளிதன்று. ஆனால் விலகிப் போகும் உரிமை யாருக்கு இருந்தது? அடிமைக்கு இல்லை. நல்லவர் போய்விட்ட ஊரில் அவன் மட்டும் எஞ்சினான். மேலும், விலகி வந்தவர்களையும் தீமை விடவில்லை. ஓடிவந்த அடிமையை எந்த மாநிலத்தில் கண்டாலும் பிடித்துச் செல்ல 1793-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை கொடுத்தது. 1850-ஆம் ஆண்டுச் சட்டம் அதை இன்னும் கொடிதாக்கியது. இந்தியானா மாநிலமோ 1851-இல் எழுதிய தன் அரசமைப்பிலேயே, கறுப்பர் எவரும் இனி இங்கே குடியேறக் கூடாது என்று எழுதி வைத்தது. அடிமை இல்லாத நாடு என்பதும் சமத்துவ நாடு என்பதும் ஒன்றல்ல.

1826-இல் லீவை காஃபின் என்னும் இளைஞர் தம் மனைவி கேதரினுடன் நியூபோர்ட் வந்து சேர்ந்து மளிகையும் துணியும் விற்கும் கடை ஒன்றைத் தொடங்கினார். 1798-இல் வட கரோலினாவில் பிறந்தவர். சிறுவனாகத் தந்தை சாலையோரம் மரம் வெட்டுகையில் அருகில் நின்றபோது, சங்கிலியில் பிணைத்து ஓட்டிச் செல்லப்பட்ட ஒரு கூட்டத்தைக் கண்டாராம். ஏன் உங்களைக் கட்டியிருக்கிறார்கள் என்று தந்தை வினவ, மனைவி மக்களிடமிருந்து பிரித்துவிட்டார்கள், திரும்பி ஓடிவிடாமல் இருக்கக் கட்டியிருக்கிறார்கள் என்று அவர்களில் ஒருவன் விடை சொன்னானாம். அச்சிறுவன், என் தந்தையை இப்படிக் கொண்டுபோனால் என்னாவது என்று எண்ணினான். அவர் பிற்காலத்தில் செய்தவற்றுக்கெல்லாம் வித்து இந்த ஓர் எண்ணமே எனலாம்.

நியூபோர்ட்டைச் சுற்றி விடுதலை பெற்ற கறுப்பர் குடும்பங்கள் சில இருந்தன. ஓடிவந்த அடிமைகள் முதலில் ஒதுங்கியது அக்குடில்களில்தான். பிடிக்க வந்தவர்கள் நேரே அங்கேயே தேடியதால் பலர் அகப்பட்டனர். அதைக் கேள்வியுற்ற பின்னரே காஃபின் தம் வீட்டைத் திறந்தார். இதை அவரே 1876-இல் வெளிவந்த தம் நினைவு நூலில் எழுதியிருக்கிறார். வரலாற்றைச் சொல்வோர் காஃபினின் செங்கல் வீட்டிலிருந்தே கதையைத் தொடங்குகின்றனர். நாம் அக்குடில்களிலிருந்து தொடங்குவதே முறை என்று எண்ணுகிறோம். அகப்பட்டால் காஃபினுக்கு அபராதமும் வழக்கும். அக்குடில்களில் இருந்தோருக்கோ தம் விடுதலையே போய்விடக்கூடும். அப்படியிருந்தும் அவர்கள் கதவை அடைக்கவில்லை. அவர்களில் பெரும்பாலோர் பெயர் எவ்வேட்டிலும் இல்லை.

1839-இல் காஃபின் கட்டிய வீடு இன்றும் நிற்கிறது. மாடி அறையில் கட்டிலின் தலைப்புறத்தில் மறையும்படி ஒரு சிறு கதவு. அதனுள் குனிந்து போனால் கூரைச் சரிவின்கீழ் நீண்ட இடுக்கு. வீட்டின் அடித்தளத்திலேயே ஒரு கிணறு. வெளியே கிணற்றடியில் நாளும் மிகுதியாக நீர் இறைத்தால், இவ்வீட்டில் இத்தனை பேர் ஏது என்று பார்ப்போர் ஐயுறுவர் அல்லவா? சின்சினாட்டி, மாடிசன், ஜெஃபர்சன்வில் என்னும் ஆற்றங்கரை ஊர்களிலிருந்து வந்த மூன்று வழிகள் இவ்வீட்டில் கூடின. நள்ளிரவில் கதவு மெல்லத் தட்டப்படும். கேதரின் எழுந்து அடுப்பு மூட்டுவார். ஊர்ப் பெண்கள் கூடி, வருவோர்க்கு உடை தைத்து வைப்பர். ஆண்டுக்கு நூறு பேருக்குக் குறையாமல், இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் அவ்வழி சென்றனர் என்பது காஃபினின் கணக்கு. வாடிக்கையாளர் சிலர் அவர் கடைக்கு வருவதை நிறுத்தினர். நல்ல நண்பர்களே வந்து, உன் வணிகம் கெடும், குடும்பத்தை நினை என்றனர். நம்மிடமும் இப்படிச் சொல்லும் நல்லவர்கள் உண்டு. அவர்கள் அன்பில் பொய் இல்லை என்பதுதான் துன்பம்.

இதுவரை சொன்னவை பலரும் அறிந்தவை. நம் உள்ளத்தைத் தைத்தது இதற்குப் பின் நடந்தது.

வந்தவர்களில் பலர் கெண்டக்கி நாட்டினர். அங்கே பருத்தி விளைச்சல் சிறிதே. பின் ஏன் ஓடினர்? தெற்கே, பருத்தி நாட்டுக்கு விற்றுவிடுவார்கள் என்ற அச்சமே பலரை ஓட வைத்தது. பருத்தி விலை ஏறினால் அங்கே ஆள் விலை ஏறும். ஆள் விலை ஏறினால் கெண்டக்கியில் ஒரு தாயின் மடியிலிருந்து பிள்ளை பிடுங்கப்படும். பருத்தி விலை ஏறுவதோ துணி வாங்குவோரால். அத்துணியை விற்றவர் யார்? நியூபோர்ட்டில் காஃபினும் விற்றார். இரவில் மாடியில் ஒருவனை ஒளித்து வைத்துக் காத்தார். பகலில் கடையில், அவனை ஓடச் செய்த அதே பருத்தியை முழம் போட்டார். இதைப் பிறர் சுட்டிக்காட்டி அவர் அறிந்ததினும், தாமே உணர்ந்து நாளடைவில் உறக்கம் இழந்தார் என்று சொல்வது பொருந்தும்.

நாம் இருபத்தொரு ஆண்டு பஞ்சாலையில் வேலை செய்தவர். பஞ்சுப் பொதியைப் பிரிக்கும் இடத்தில் தொடக்கத்தில் நின்றோம். பொதிமேல் எண் இருக்கும், எழுத்து இருக்கும், எடை இருக்கும். எடுத்தவர் பெயர் இராது. சில வேளை பஞ்சினுள் ஒரு நூற்கயிற்றுத் துண்டோ, ஓர் உடைந்த வளையலோ வரும். மேற்பார்வையாளர் அதைக் குப்பையென்று எறியச் சொல்வார், எறிவோம். அந்த வளையல் யார் கையில் இருந்தது என்று அன்று நாம் எண்ணியதில்லை. காஃபினின் வரலாற்றைப் படித்த இரவில்தான் எண்ணினோம்.

அடிமை உழைப்பில் விளைந்த பொருளைத் தொடுவதில்லை என்ற நோன்பு நண்பர்களிடையே முன்பே இருந்தது. 1772-இல் மறைந்த ஜான் உல்மன் என்னும் பெரியார், இளமையில் தம் முதலாளி சொற்படி ஒரு கறுப்புப் பெண்ணின் விற்பனைச் சீட்டைத் தம் கையாலே எழுதினார். அது அவரை வாழ்நாள் முழுதும் சுட்டது. பிற்காலத்தில் சர்க்கரையை விலக்கினார். சாயமிட்ட ஆடையை விட்டார். அந்த நோன்பை வணிகமாகவே நடத்த முடியுமா என்று பார்க்க 1846-இல் இந்தியானாவில் ஒரு மாநாடு கூடியது. காஃபின் 1847-இல் நியூபோர்ட்டை விட்டுச் சின்சினாட்டி நகருக்குப் போய், கூலி கொடுத்து விளைவித்த பருத்தியும் சர்க்கரையும் மட்டுமே விற்கும் மொத்தக் கடையைத் திறந்தார். அடிமை வைக்காத சிறு விவசாயி பருத்தி விளைவித்தாலும், கொட்டை நீக்க அடிமைக்காரனின் அரைவைக்கே போக வேண்டியிருந்தது; ஆகவே பருத்தி கடையும் பொறி ஒன்றையே மிசிசிப்பி நாட்டுக்கு அனுப்பினார். இவ்வளவு செய்தும் சரக்கு போதவில்லை. விலை கூடுதல், துணி முரடு, நிறம் மங்கல். கொள்கையைப் புகழ்ந்தவர்கள் பக்கத்துக் கடையில் வாங்கினர். 1857-இல் கடையை விற்றுவிட்டார்.

இதற்கு நடுவே சங்கத்துக்குள்ளேயே பூசல். இந்தியானாவின் நண்பர்கள் அனைவரும் அடிமை முறையை வெறுத்தவர்களே. ஆனால் வெளியாருடன் சேர்ந்து கிளர்ச்சி செய்வது நம் அமைதிக்குக் கேடு என்று பெரியவர்கள் கருதினர். 1842 அக்டோபரில் ஹென்றி கிளே என்னும் பெரிய அரசியல்வாதி ரிச்மண்டுக்கு வந்தார். அவர் அடிமை உடைமையாளர். உம் அடிமைகளை விடுவிப்பீர் என்று ஒரு நண்பர் பொதுக்கூட்டத்தில் மனுக் கொடுத்தார்; வீட்டுக்குப் போய் உம் வேலையைப் பாரும் என்றார் கிளே. மறுநாள் நண்பர்களின் ஆண்டுக் கூட்டத்தில் அதே கிளேவுக்கு மதிப்பான இடம் தந்து அமர்த்தினர். அந்த ஆண்டே, அடிமை எதிர்ப்பில் முன்னின்ற சார்லஸ் ஆஸ்பர்ன் முதலியோர் பொறுப்புகளிலிருந்து நீக்கப்பட்டனர். 1843-இல் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் பிரிந்து, நியூபோர்ட்டில் கூடி, தனிச் சங்கம் கண்டனர். காஃபினும் அவர்களில் ஒருவர். 1845-இல் இங்கிலாந்து நண்பர்கள் நால்வர் கடல் கடந்து வந்தனர். பிரிந்தவர்களின் குறை நியாயமா என்று ஆராய அன்று, மீண்டும் ஒன்றுபடுங்கள் என்று புத்தி சொல்ல! ஒற்றுமை நல்லதுதான். ஆனால் எதைக் கேளாமல் விடுவதற்காக அந்த ஒற்றுமை?

இங்கிலாந்தின் நெசவாலைகளோ அப்போது அமெரிக்க அடிமைப் பருத்தியாலேயே ஓடின. 1860-வாக்கில் அந்நாடு வாங்கிய பருத்தியில் முக்கால் பங்குக்கு மேல் அங்கிருந்து வந்தது. அடிமை முறையை உளமார வெறுத்த ஜான் பிரைட் என்னும் குவேக்கரும் பருத்தி ஆலை முதலாளியே. மாற்று வழி தேடிய அவர் 1848-இல் பாராளுமன்றக் குழு ஒன்றின் தலைவராக இருந்து இந்தியாவில் பருத்தி விளைவிப்பதைப் பற்றி விசாரித்தார். இந்தியப் பருத்தி அடிமைக் கறையில்லாத பருத்தி என்பது இங்கிலாந்து நல்லோர் பலரின் நம்பிக்கை. இதைப் படித்தபோது நாம் நூலை மூடி வைத்துவிட்டோம். அதே இந்தியாவில் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்று கும்பினி அரசு சட்டம் செய்தது 1843-இல். இல்லாததற்கா சட்டம்? தஞ்சையிலும் மலையாளக் கரையிலும் நெல் வயலோடு ஆளும் சேர்ந்து கைமாறினான். சட்டத்துக்குப் பின்னும் அவன் பண்ணையாளாகவே நின்றான். பருத்தி நிலம் வேறு, நெல் நிலம் வேறு என்பது மெய்யே; ஆனால் கூலி கேட்க வாயில்லாத மனிதன் இரண்டிலும் குனிந்திருந்தான். அவனைக் கடலுக்கு அப்பாலிருந்த நல்லவர்கள் காணவில்லை. தம் அருகிலுள்ள அடிமையைக் கண்ட கண்ணே அது.

அருகிலுள்ளவனைத்தான் எவ்வளவு கண்டனர்? பிலடெல்பியாவின் நண்பர் கூடத்தில் கறுப்பர்க்கென்று தனிப் பலகை இருந்தது. தாயோடு அங்கே அமர்ந்த சிறுமி சாரா டக்ளஸ், இது கறுப்பர் பலகை என்று பிறர் சொல்லிச் சொல்லி அங்கு எவரையும் அமரவிடாமல் காத்ததைக் கேட்டு வளர்ந்தார். பின்னர் ஆசிரியராகி அதை எழுதவும் செய்தார். உள்ளொளி எல்லோர்க்கும் ஒன்று, பலகை வேறு! தனிக் குவளையும் தனித் தெருவும் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இனி வினாவுக்கு வருவோம். வில்லியம் லாயிட் கேரிசன் என்னும் அடிமை எதிர்ப்பு வீரர் முதலில் அந்தத் துணி நோன்பை ஆதரித்துப் பின் கைவிட்டார். தன் சட்டை தூய்மையா என்று பார்த்துக்கொண்டிருப்பவன் அடிமையின் சங்கிலியை மறந்துவிடுவான் என்ற கருத்துடையோர் அன்று இருந்தனர். இந்தத் தடை வலிமையானது. துடக்குப் பார்த்து ஒதுங்கும் குணம் நம் நாட்டில் எத்தனை கொடுமை செய்தது என்று அறிந்த நாம், தூய்மை என்ற சொல்லைக் கேட்டாலே ஐயுறுகிறோம். தான் அழுக்காகக் கூடாது என்பதற்காக நல்லது செய்பவன் இன்னும் தன்னையே வழிபடுகிறான்.

ஆனால் காஃபினிடம் வரிசை வேறு. அவர் முதலில் கதவைத் திறந்தார், பிறகே துணியைப் பார்த்தார். உயிர்களை விற்கும் வணிகம் தகாதென்று தம்மம் விலக்குகிறது. எண்ணமே வினை என்றும் சொல்கிறது. அப்படியாயின் அறியாது வாங்கியவன் விற்றவனோடு ஒப்பான் அல்லன் என்றே நாமும் கொள்வோம். அறியாமை எதுவரை அறியாமை? ஓடிவந்தவன் உன் வீட்டு மேசையில் அமர்ந்து, உன் மனைவி ஊற்றிய கூழைக் குடித்துக்கொண்டே, எதற்கு அஞ்சி ஓடினேன் என்று சொன்ன பிறகு உன் கடைத் துணி பழைய துணியா? கதவைத் திறக்காதவர்கள் அக்கதையைக் கேட்கவில்லை. கேட்காததால் அவர்கள் உறக்கம் கெடவில்லை. கேளாதிருப்பதைத் தேர்ந்துகொண்டவன் அறியாதவன் என்னும் பெயருக்கு உரியவனா என்பதில் நமக்குத் தீராத ஐயம் உண்டு.

கடை தோற்றது உண்மை. அடிமை முறை 1865-இல் ஒழிந்தது அந்தக் கடையாலன்று. பெரும் போராலும், படையில் சேர்ந்தும் பண்ணையை விட்டு வெளியேறியும் தம் விடுதலைக்குத் தாமே பொருதிய கறுப்பர்களாலும். பிரிந்த நண்பர்களும் 1857-க்குள் பழைய சங்கத்தில் கலந்துவிட்டனர். யார் செய்தது சரி என்று எவரும் தீர்ப்புச் சொல்லவில்லை. போர் முடியுமுன்பே காஃபின், விடுதலை பெற்றோர்க்கு உணவும் உடையும் திரட்ட இங்கிலாந்து வரை அலைந்து, 1877-இல் மறைந்தார்.

சென்ற திங்கள் நமக்கு ஒரு சட்டைத் துணி வாங்கப் போனோம். இந்தப் பஞ்சு எந்தச் சீமையில் விளைந்தது, எடுத்தவர்க்கு என்ன கூலி என்று கடைக்காரரைக் கேட்டோம். இளைஞர், மரியாதையாகச் சிரித்தார். ஐயா, மீட்டர் நூற்றெண்பது, இரண்டரை மீட்டர் எடுத்தால் குறைத்துத் தருகிறேன் என்றார். நாம் இரண்டரை மீட்டர் வாங்கி வந்தோம். அது இன்னும் தைக்கக் கொடுக்காமல் பெட்டிமேல் இருக்கிறது.